பிடரிக்காரர்கள் பதில் சொல்லும் முறை

போன வாரம் கவரைப்பேட்டை பக்கம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. எங்கள் பஸ்ஸுக்கு முன்னால் ஒரு டேங்கர் லாரி நின்றது. ஜன்னல் வழியாக வாசனை வந்தது. மொலாசஸ். ஆலையில் சர்க்கரையை எடுத்த பிறகு மிஞ்சுகிற கருப்புப் பாகு. பக்கத்து சீட்டுப் பெண் தன் பிள்ளையிடம் அது வெல்லம் காய்ச்சுகிற வாசனை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கேட் திறப்பதற்குள் இறங்கிவிட்டேன். இந்த வயசில் நடுவழியில் இறங்குகிறேன் என்று கண்டக்டர் திட்டினார். திட்டட்டும்.

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு கார்டுகூடப் போட்டதில்லை. பொன்னேரியில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் உன் குப்பம். வருவேன், உன் வீட்டில் மீன் குழம்பு சாப்பிடுவேன், பேச வந்ததைப் பேசாமல் கடைசி பஸ்ஸைப் பிடித்துக் கிளம்பிவிடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓட்டியாயிற்று. இப்போது நீ இல்லை, எதிரே உன் முகம் இல்லை, தைரியம் வந்துவிட்டது. என் தைரியம் எப்போதும் இப்படித்தான், எல்லாம் முடிந்த பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

அந்தச் சிங்கத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அறுபதுகளின் கடைசி. நாம் இருவரும் பொன்னேரி ஹைஸ்கூலில் ஒரே பெஞ்சு. ஊருக்கு ஒரு சின்ன சர்க்கஸ் வந்திருந்தது. அதில் ஒரே ஒரு சிங்கம், அதுவும் கிழடு. ஆட்டத்தில் அது ஸ்டூல்மேல் ஏறும், இறங்கும், அவ்வளவுதான். ஆனால் வெயில் தாழ்ந்ததும் கூண்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கொடுக்கும். அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒன்று, பிறகு குட்டிக் குட்டியாக நாலைந்து. அதன்பின் நிறுத்திவிட்டுக் காதைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நிற்கும். வேலிக்கு வெளியே நின்ற பையன்கள் எல்லாம் அதைப்போலக் கத்திக் காட்டிச் சிரித்தோம். நீ மட்டும் சிரிக்கவில்லை.

"அது கத்தலடா, கூப்புடுது," என்றாய். "பதில் சொல்ல ஆளு இல்ல. அதான் நிறுத்திட்டுக் கேட்டுக்கினு கீது."

பிடரிக்காரர்கள் அன்றைக்குத்தான் பிறந்தார்கள். பேர் நான் வைத்தது. மனிதரைப்போல நடப்பவர்கள், சிங்க முகம், முதுகுவரை பிடரிமயிர். உங்கள் குப்பத்து ஏரிக்கு வடக்கே, ஆந்திராவை நோக்கிப் போகிற மணல்மேட்டுக்கு அப்பால் அவர்களுடைய நாடு இருப்பதாகச் சொன்னாய். படகில் போனால் தெரியாதாம். அவர்களாகக் கூப்பிட்டால்தான் தெரியுமாம். கூப்பிட்ட குரல் எதுவும் பதில் இல்லாமல் போகாத நாடு. நீ அதைச் சொன்னபோது நம்பிக்கை வரவில்லை, பொறாமைதான் வந்தது. எங்கள் அப்பா எதிர் வயலில் இருந்த முதலாளியைக் கூப்பிட்டால் பதில் வந்ததே இல்லை.

ஒரு கோடு போட்ட நோட்டில் அவர்களுடைய சங்கீதத்தை எழுதினோம். தந்தி வாத்தியம் வேண்டும் என்று நான் சண்டை போட்டேன். நகம் பட்டால் தந்தி அறுந்துபோகுமே என்று நீ ஒரே வாக்கியத்தில் என் வாயை அடைத்தாய். ஆகவே அவர்களுக்குக் குடைந்த மரமும் மண்பானையும் தரையும்தான் வாத்தியம். தட்டுவார்கள், கீறுவார்கள், உறுமுவார்கள். வேட்டைக்குப் போவது பெண்கள் என்பதால் கூப்பிடும் உரிமை பெண்களுக்கு. வேட்டைப் பாட்டு வாயில் வராது, நடையில்தான் வரும், பத்துப் பேர் நடந்தாலும் ஒரே காலடியாகக் கேட்க வேண்டும். உங்கள் குப்பத்தில் இன்றைக்கு யார் எந்த இடத்தில் வலை போடுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பீர்களே, அதையே நீ பாட்டுக்கும் வைத்தாய். ஒரு நாள் ஒரு குடும்பம்தான் பாட்டைத் தொடங்கலாம். மற்றவர்கள் பதில் சொல்லத்தான் வாய் திறக்க வேண்டும்.

அந்தப் பதிலில்தான் எல்லாம் வந்து சிக்கியது. கூப்பிட்டவுடன் பதில் சொல்வது பிடரிக்காரர்களிடம் மரியாதைக் குறைவு. கூப்பிட்டதை முழுசாகக் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். குறைந்தது நாலு மூச்சு பொறுக்க வேண்டும். பெரியவர்கள் கூப்பிட்டால் ஏழு. நெருங்கினவர்கள் கூப்பிட்டால் இன்னும் எவ்வளவு முடியுமோ அவ்வளவு. அந்த இடைவெளியும் பாட்டுதான் என்றாய். கூப்பிட்டவரும் அதுவரை சும்மா இருக்கக் கூடாது. ஒவ்வொரு மூச்சுக்கும் நகத்தால் தரையில் ஒரு தட்டு தட்டி எண்ண வேண்டும். உனக்காக நிற்கிறேன், நிதானமாக வா என்று அதற்குப் பொருள். இதை யார் யோசித்தது என்று எவ்வளவோ தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். நீதான் என்று சொல்லிவிட ஆசை. நான்தான். ஸ்கூலில் வாத்தியார் கேள்வி கேட்டால் உடனே பதில் வராதவன் நான், எனக்குச் சாதகமாக ஒரு நாட்டின் வழக்கத்தையே வளைத்துவிட்டேன்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் ஒன்றிரண்டு கம்பெனிகள் தலைகாட்டின. எங்கள் குடும்பத்தில் வயலுக்குப் போகாமல் ஷிஃப்டுக்குப் போன முதல் ஆள் நான். ஏரியில் இரண்டு வருஷம் மீன் இல்லாமல் போனதால் உன் அப்பா உன்னையும் அனுப்பினார். மொலாசஸ் வாங்கி ஸ்பிரிட் காய்ச்சுகிற கம்பெனி. பொன்னேரியில் ஒரே பாசஞ்சர் ரயில் ஏறி, ஒரே கேட்டில் வருகை அட்டை போட்டோம். பாய்லர் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதுகூடக் கேட்காது. அங்கே பிடரிக்காரர்கள் மறுபடி எழுந்து வந்தார்கள். நீ ஷெட்டின் ஒரு கோடியில் ஸ்பேனரால் பைப்பில் மூன்று தட்டு தட்டுவாய், நான் மறுகோடியில் அதே பைப்பில் கை வைத்து அதிர்வை வாங்கி, மூச்சு எண்ணி இரண்டு தட்டுவேன். கல்யாணம் நிச்சயமான இரண்டு ஆண்பிள்ளைகள் செய்கிற வேலையா இது என்று யாராவது கேட்டிருந்தால் ஸ்பேனரை முதுகுக்குப் பின்னால் ஒளித்திருப்போம்.

சூப்பர்வைசருக்கு முதலில் எரிச்சல். பிறகு அவருக்கே ஒரு யோசனை வந்தது. பாகுத் தொட்டியைச் சுத்தம் செய்யும்போது ஒருத்தன் உள்ளே போக வேண்டும், ஒருத்தன் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தொட்டியின் அடியில் ஆள் தவழ்ந்து நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை, அதைத் தவிர வேறு வழி கிடையாது. அடியில் தங்கிய கசடு புளித்துவிட்டால் உள்ளே மூச்சுக்கு ஆகாத காற்று நிற்கும். வெளியே நிற்பவன் அவ்வப்போது மூன்று தட்டு, உள்ளே இருப்பவன் இரண்டு தட்டு, பதில் வராவிட்டால் இழு. இதுதான் அவர் போட்ட சட்டம். நடுவில் நாம் மூச்சு எண்ணுகிற விஷயம் அவருக்குத் தெரியாது. நமக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை.

முதல் தொட்டியில் நீ என்னை ஒன்பது மூச்சு காக்கவைத்தாய். ஆறில் கயிற்றை இறுக்கிப் பிடித்தேன். எட்டில் ஓட்டைக்குள் தலையை விட்டு உன் பேரைச் சொல்லி அலறினேன். நீ உள்ளே குந்திக்கொண்டு முழங்கால்வரை பாகோடு என்னைப் பார்த்துச் சிரித்தாய். ஒன்பதாவதில் இரண்டு தட்டு தட்டிவிட்டு, பிடரிக்காரன் வயிற்றில் ஆடு பிறந்துவிட்டது என்றாய். கேன்டீனில் ஒரு வாரம் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் 'மே' என்றார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். உள்ளுக்குள் வலித்தது. அடுத்த முறை உன் பதிலுக்கு முந்தித் தலையை உள்ளே விடக் கூடாது என்று வைராக்கியம் வைத்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம்கூட.

இரண்டாவது தொட்டி சித்திரை மாதத்தில் வந்தது. உனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். இரண்டு நாள் திறந்து போட வேண்டிய தொட்டியைக் காலையில் திறந்து மத்தியானம் நுழையச் சொன்னார்கள், கேட்டுக்கு வெளியே மூன்று லாரி பாகோடு காத்துக்கொண்டிருந்தது. வழக்கமாக விளக்கை ஏற்றி உள்ளே நீட்டிப் பார்ப்பார்கள். அணைந்தால் ஆள் போகக் கூடாது. அன்றைக்கு ஓட்டை வாசலில் மட்டும் காட்டினார்கள், எரிந்தது. எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் மே என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்று வாயை மூடிக்கொண்டேன். நீ கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, சீக்கிரம் முடித்தால் நாலு மணி ரயிலைப் பிடிக்கலாம் என்று சொல்லிவிட்டுத் தவழ்ந்து போனாய்.

முதல் தடவை கூப்பிட்டேன். ஐந்தாவது மூச்சில் பதில் வந்தது. உள்ளே நீ கரண்டியால் கசடு வாருகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டேன். ஏழில் வந்தது. இரண்டு தட்டும் கொஞ்சம் மெதுவாக இருந்ததாக இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வெயில் தொட்டித் தகட்டில் பட்டுக் கண்ணைக் கூசவைத்தது. பாகு வாங்குகிற பக்கத்துக் குழாயில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை கூப்பிட்டேன். தகட்டில் விரல் மோதிரத்தால் தட்டி எண்ணத் தொடங்கினேன். ஒன்று, இரண்டு. ஐந்தில் வரவில்லை. ஏழில் வரவில்லை. ஒன்பதில் நான் ஓட்டையைப் பார்த்தேன், குனியவில்லை. இந்த முறை நீதான் தோற்க வேண்டும் என்று நினைத்தது நன்றாக நினைவிருக்கிறது. பத்து, பதினொன்று. உள்ளே கரண்டிச் சத்தமும் நின்றிருந்தது. குந்தி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டேன். பன்னிரண்டு. நம் கணக்கில் அதுவரை யாரும் தொடாத எண். எனக்கு ஒரு பெருமைகூட வந்தது, என்னை எவ்வளவு மதித்தால் இவன் இவ்வளவு பொறுப்பான் என்று. பதினைந்தில் பெருமை போய்க் கோபம் வந்தது. பதினெட்டில் போதும்டா என்று முணுமுணுத்தேன். அப்போதும் கை தட்டிக்கொண்டுதான் இருந்தது. இருபது. இருபத்தொன்றில் என் இன்னொரு கையில் இருந்த கயிற்றைப் பார்த்தேன். கையிலிருந்து ஓட்டைவரை அது தரையில் கிடந்தது. எப்போதிலிருந்து அப்படித் தளர்ந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இழுத்தேன். வரவில்லை. கத்தினேன். லாரிக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்தார்கள். உன் தோள் ஓட்டையில் சிக்கிக்கொண்டது, நான் படுத்துக்கொண்டு உன் கையை மடக்கி வெளியே எடுத்தேன். முகம் நீலம். மூக்கிலும் வாயிலும் பாகு. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கவே எனக்குப் பயம், ஒரு லாரி டிரைவர்தான் உன் நெஞ்சில் காது வைத்தார். கீது, கீது, என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

ஆஸ்பத்திரி வராண்டாவில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். என் சட்டையில் காய்ந்திருந்த பாகைத் தேடி எறும்பு வந்தது. தட்டிவிடவில்லை, கடிக்கட்டும் என்று இருந்தேன். உன் வீட்டுக்காரி வந்தாள். எங்க ஊட்டு வெளக்கக் காப்பாத்திக் குடுத்தீங்கண்ணா என்று சொல்லி என் காலில் விழப் போனாள். நான் நகர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். பதில் வராமல் போனதற்கும் நான் இழுத்ததற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கேட்டார். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உடனே சார்," என்றேன். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை விருந்து சாப்பிட்டேன் தெரியுமா. உங்கள் குப்பத்தில் எனக்கு மாலை போட்டார்கள். உன் அம்மா சாகிறவரைக்கும் என்னை இன்னொரு பிள்ளை என்றே எல்லோரிடமும் சொன்னார். எனக்கு வேலை போகவில்லை. உனக்குத்தான் போனது, நீயே விட்டுவிட்டாய். மூடிய அறையில் உன்னால் உட்கார முடியவில்லை, பஸ்ஸில்கூடப் படிக்கட்டில் நின்றுதான் வருவாய். பேசினால் குரல் கரகரத்தது. திரும்பவும் ஏரிக்குப் போய்விட்டாய். காத்து சும்மா வருது, எதுக்குடா விடணும் என்றாய்.

மூன்று நாலு மாதம் கழித்து உன் படகில் உட்கார்ந்திருந்தோம். நான் பிடரிக்காரர்களை விட்டுவிடலாம் என்றேன். நோட்டை எரித்துவிடலாம் என்றும் சொன்னேன். நீ வலையில் சிக்கிய பாசியை எடுத்துக்கொண்டே இருந்தாய்.

"அவங்க இன்னாடா பண்ணாங்க?" என்றாய். "சட்டத்த மாத்திக்கலாம். கூப்ட்டா ஒடனே பதில். எழுதிக்கோ."

எழுதினேன். நீ ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் எண்ணிக்கொண்டு நின்றது உனக்குத் தெரியுமா, தெரியாதா என்கிற கேள்வி அன்றைக்கு என் கழுத்தில் ஏறி உட்கார்ந்தது. உன் மூத்தவன் பெயர் சூட்டலில், உன் மகள் கல்யாணத்தில், என் மனைவி இறந்துபோனபோது நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒவ்வொரு தடவையும் இப்போது சொல்லிவிடலாம் என்று வாயெடுப்பேன். நீ உடனே வேறு ஏதாவது பேசுவாய். நான் கூப்பிடுவதற்கு முன்பே பதில் சொல்லிவிடுகிற ஆளாக மாறிவிட்டிருந்தாய். உன் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு ஒரு நாள்கூடச் சாப்பாடு நிம்மதியாக இறங்கவில்லை. வராமல் இருக்கவும் முடியவில்லை.

சாவுக்கு அவர்களிடம் என்ன பாட்டு என்று நாம் தீர்மானிக்கவே இல்லை. பள்ளிக்கூட வயசில் அது தேவைப்படவில்லை, பிறகு யாரும் பேச்சை எடுக்கவில்லை. ஐப்பசி மழையில் உன்னை எடுத்துக்கொண்டு போனபோது உங்கள் ஆட்கள் பறை அடித்தார்கள், நான் பின்னால் குடையில்லாமல் நடந்தேன்.

காரியம் முடிந்து இரண்டு நாள் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி டீ கொண்டுவந்து வைத்தாள். உன்னைப் பற்றி ஏதேதோ பேசிக்கொண்டிருந்தவள், சாதாரணமாக, எனக்குத் தெரிந்த விஷயம்தானே என்கிற மாதிரி சொன்னாள்.

"நீங்க வெளிய தட்டிக்கினு இருந்தது அவுருக்குக் கேட்டுதாமேண்ணா. கை காலு அசையல, காதுல மட்டும் டொக்கு டொக்குன்னு உழுந்துதாம். அத்தயே எண்ணிக்கினு கெடந்தேன், பதினாலு வரிக்கும் எண்ணுனேன், அப்பால தெரியலன்னுவாரு. அது மட்டும் இல்லன்னா அப்பவே போயிருப்பேன்னுவாரு."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஆமாம், உன்மேல்தான். நான் 'உடனே' என்று சொன்னது பொய் என்று உனக்குத் தெரியும். அத்தனை வருஷமும் தெரியும். தெரிந்துகொண்டே எனக்குக் குழம்பில் பெரிய துண்டாகப் பார்த்துப் போடச் சொன்னாய், தெரிந்துகொண்டே உன் அம்மா என்னைப் பிள்ளை என்றபோது பேசாமல் இருந்தாய். ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து இழுத்து ஏன்டா எண்ணிக்கொண்டு நின்றாய் என்று கேட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன். அந்தக் கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. அதற்கடியில் இருந்தது வேறு. நான் குற்றம் என்று சுமந்த தட்டலை நீ கயிறு என்று பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். அதை ஏற்றுக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை.

டீ ஆறிப்போயிருந்தது. நாற்பது வருஷமாக வராத வார்த்தை அப்போதுதான் வந்தது, அதுவும் உன்னிடம் இல்லை, அவளிடம்.

"பதினாலு இல்லம்மா," என்றேன். "இருபத்தொண்ணு."

அவள் என்னையே பார்த்தாள். மீதி ஏழு மூச்சும் நான் ஜெயிக்க வேண்டும் என்று சும்மா நின்றேன் என்று சொன்னேன். ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்களே, எனக்கு இறங்கவில்லை. அவள் அழவில்லை, திட்டவில்லை. டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகுநேரம் வரவில்லை. போய்விடலாமா என்று செருப்பைத் தேடினேன். வாசலில் வந்து நின்றாள்.

"அந்த ஏழு அவுரு காதுல உழலண்ணா," என்றாள். "அது ஒங்களோடது. நீங்களே வெச்சிக்குங்க."

வைத்துக்கொண்டிருக்கிறேன்.